பேட்டரி இல்லாத ஸ்டாப்வாட்சுகள்

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை செய்கிறேன். சாமான்களை எடுத்து வைப்பது, துடைப்பது, திரும்ப அடுக்குவது, மாணவர்களின் அறிக்கைகளைக் கட்டி விரிவுரையாளர் அறைக்குக் கொண்டுபோவது, இவைதான் வேலை. செமோர் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததோடு சரி. கல்லூரி நடையில் யாராவது எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். படித்தவர்கள் நடமாடும் இடம் என்று ஒரு மரியாதை இருந்தது. அது போனது போன வருடம்தான்.

முதல் பருவத்துப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பெரிய மண்டபத்தில் விரிவுரை. திரையில் ஓடும் பக்கங்கள் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓடிய அதே பக்கங்கள். வருகைப் பதிவுக்குத் திரையில் வரும் ஒரு க்யூ.ஆர். கட்டத்தைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் ஒருவன் அதைப் படம் பிடித்து அனுப்பினால் கான்டீனில் மீ கோரெங் தின்றுகொண்டிருக்கும் பத்துப் பேருக்கும் வருகை விழுந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கூடம். கைப்பேசிகளை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். விரிவுரையாளர் ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். மேற்பார்வைக்கு ஒரு சீனியர் மாணவன் உட்கார்ந்திருப்பான். ஒரு வாரம் கழித்து எல்லாரும் அறிக்கை கொடுக்க வேண்டும்.

தீபாவளி விடுமுறைக்கு முன் ஸ்டாப்வாட்சுகளில் இருந்த பேட்டரிகளை எல்லாம் கழற்றி ஒரு டின்னில் போட்டு வைத்தேன். அப்படியே விட்டால் ஒழுகி உள்ளே பச்சை பிடித்துவிடும். விடுமுறை முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். மறந்துவிட்டேன். ஊசல் பரிசோதனை நடந்த அன்று காலையிலேயே என்னைப் பட்டமளிப்பு விழாவுக்கு நாற்காலி தூக்க அனுப்பிவிட்டார்கள். காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு. இரண்டும் நான் இல்லாமலே நடந்து முடிந்தன.

ஊசல் பரிசோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நூலில் ஓர் இரும்புக் குண்டைக் கட்டி ஆட விட வேண்டும். இருபது முறை ஆட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீளமாக்கித் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கடைசியில் கணக்குப் போட்டால் 9.81 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஸ்டாப்வாட்ச் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.

மறுநாள் பெட்டியைத் திறந்து ஒன்றை அழுத்தினேன். எண் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. அப்போதுதான் டின் ஞாபகம் வந்தது. உடனே பேட்டரிகளைப் போட்டு வைத்தேன். யாராவது கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறிக்கைகள் வந்தன. நாற்பதுக்கு மேல். கட்டுவதற்கு முன் ஒன்றைப் புரட்டினேன். அட்டவணை நிறைய விநாடிகள், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை. ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று முறை எடுத்ததாக எழுதியிருந்தது. முடிவு 9.79. அடுத்தது 9.82. அதற்கடுத்தது 9.81. எண்களைப் படிக்க ஆறாம் ஆண்டு போதும். எழுபது சென்டிமீட்டர் நூலுக்கு வருடா வருடம் 33.6 விநாடி வரும் இடத்தில் பல பேர் 13.6 என்று எழுதியிருந்தார்கள். யாரோ ஒரு சீனியர் என்றைக்கோ தவறாக எழுதிய எண், கைமாறிக் கைமாறி இத்தனை பேரிடம் வந்திருக்கிறது. எச்சில் இலையை அடுத்தவன் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

கட்டின் நடுவில் ஒரே ஒரு தாள் வெறுமையாக இருந்தது. கோடு போட்ட அட்டவணை, உள்ளே ஒன்றும் இல்லை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று ஸ்டாப்வாட்ச் மாற்றிப் பார்த்தும் ஓடவில்லை, அளவு எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது.

எழுதியவள் சுங்காய் என்ற ஊரிலிருந்து வந்த பெண். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மற்ற பிள்ளைகள் என்னை அங்கிள் என்பார்கள், அவள் மட்டும் அண்ணே என்பாள்.

திருத்திய அறிக்கைகள் என் மேசை வழியாகத்தான் திரும்பும். எல்லாருக்கும் ஏழு, எட்டு, ஒன்பது. 13.6-க்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. அவளுக்கு மட்டும் பூஜ்யம். தாளை வாங்கியபோது பின்னால் நின்ற பையன் எட்டிப் பார்த்தான்.

"முட்டையா? கேட்டிருந்தா நான் அனுப்பியிருப்பேன்ல."

"ஓடலன்னு எழுதினேன். ஓடல."

"எங்களுக்கு மட்டும் ஓடுச்சா? நீ ஒருத்திதான் அரிச்சந்திரன் வீட்டுப் புள்ள, போ லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகும் அவள் நின்றாள்.

"இந்த லேப்ல ஃபெயில்னா செமஸ்டர் முழுக்கத் திரும்ப எடுக்கணும்ணே. அப்பா போதும் வந்துருன்னு சொல்லிருவாரு. இப்பவே அதான் சொல்லிக்கிட்டு இருக்காரு."

அப்போதே சொல்லியிருக்கலாம், நான்தான் பேட்டரியைக் கழற்றினேன் என்று. இரண்டு நாள் கழித்துத்தான் விரிவுரையாளர் அறைக் கதவைத் தட்டினேன். அவரும் தமிழர்தான், என்னைவிட வயதில் சிறியவர்.

"சொல்லுங்கண்ணே."

"சார், ஊசல் அன்னைக்கி ஸ்டாப்வாட்ச்ல பேட்டரி இல்ல. நான்தான் கழட்டி வெச்சேன். போட மறந்துட்டேன்."

"எத்தனைல?"

"எல்லாத்துலயும் சார்."

அவர் சிரித்துவிட்டார்.

"நல்ல ஆளுண்ணே நீங்க. இத வேற யாருகிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. மார்க்கெல்லாம் ஏத்தியாச்சு. இப்பக் கிளறுனா ரெண்டு வகுப்பையும் திரும்ப நடத்தணும். ஏன் நடந்துச்சுன்னு மேல கேப்பாங்க. உங்களையும் கேப்பாங்க. சுசா லா, பெரிய தொல்ல."

"அந்தப் புள்ள உண்மையத்தான் சார் எழுதியிருக்கு."

"தெரியுது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ரிப்போர்ட் குடுக்கச் சொல்லுங்க, மார்க் போட்டுர்றேன்."

"லேப்பத் தொறந்து விடட்டா சார்? வந்து எடுத்துக்கட்டும்."

"அது உங்க இஷ்டம். எனக்குத் தாளு வந்தாப் போதும்."

வெளியே வந்தேன். உங்களையும் கேட்பார்கள் என்று அவர் சொன்னதும் பேட்டரிப் பேச்சை நான் அதோடு விட்டது உண்மை.

அன்றே அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பேட்டரி என் தப்பு என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. வியாழன் மதியம் ஆய்வுக்கூடம் காலி என்பதால் அப்போது வரச் சொன்னேன். வியாழனன்று சாப்பிடக்கூடப் போகாமல் ஜன்னலோர மேசையில் நூலையும் குண்டையும் கட்டினேன். புதுப் பேட்டரி போட்ட ஸ்டாப்வாட்சை மூன்று முறை அழுத்திப் பார்த்து வைத்தேன்.

அவள் வந்தாள். கையில் அறிக்கை தயாராக இருந்தது. அட்டவணை நிறைய எண்கள்.

"இது எப்ப எடுத்த?"

"ஹாஸ்டல்லண்ணே. ஃப்ரெண்டோடது. இருபது நிமிஷத்துல முடிச்சிட்டேன்."

"எல்லாம் கட்டி வெச்சிருக்கேன்மா. ஒரு மணி நேரம்தான் ஆகும்."

அவள் மேசையைப் பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை.

"எடுத்தா என்னண்ணே வரும்? 9.4 வரும், இல்ல 10.2 வரும். ஏன் சரியா வரலன்னு நாலு பக்கம் எழுதணும். அதுக்கு அஞ்சு மார்க் போடுவாரு. இதுல 9.8 இருக்கு. உள்ளத எழுதி ஒரு தடவ முட்ட வாங்கிட்டேன், போதும்."

அவள் தாளை என் முன்னால் வைத்து, கடைசிப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள். வகுப்பு நேரத்துக்கு வெளியே செய்த பரிசோதனை என்றால், மாணவர் அதைச் செய்ததைப் பார்த்ததாக ஆய்வுக்கூட ஊழியர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க போட்டாத்தான் ஏத்துக்குவாங்கண்ணே."

சம்பளத் தாளில் தவிர நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. பேனாவை வாங்கினேன். அவள் அப்பாவை நினைத்துக்கொண்டுதான் போட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது முழு உண்மை இல்லை. போடாவிட்டால் விஷயம் வெளியே வரும், பேட்டரியும் வெளியே வரும் என்பதும் மனதில் இருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். விரிவுரையாளர் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார். நடுவில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் எட்டு போட்டார்.

"சரிதானண்ணே?" என்றார்.

"சரி சார்" என்றேன்.