ஓடும்போதும் பேசியவர்கள்

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அவளுக்கு நத்தை என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்காதான். அங்கே ரோலர் என்று சொல்லப்படும் பெரிய இஸ்திரி இயந்திரம் உண்டு. அதன் முன்னால் இரண்டு பேர் நின்று, ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அக்கா ஒரு முனை, தங்கை மறுமுனை. அக்காவின் முனை எப்போதும் முந்திக்கொண்டு போகும். விரிப்பு கோணலாகப் போய் மறுபக்கம் சுருக்கம் விழுந்து வெளியே வரும்.

"கைதானே அது, இல்ல கடன் வாங்கிட்டு வந்தியா?" என்பாள் அக்கா. கூடமே சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள்.

இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனதுதான். அம்மா இருந்தவரை காலையில் அவள் காதில் விழுந்த முதல் சொல் "எந்திரி" என்பது. தண்ணீர் வாளியைப் பாதி வழியில் இறக்கி வைத்தால் "சோம்பேறி". கட்டிக்கொண்டவனும் சில வருடம் அதையே சொல்லிச் சலித்துப்போய், சுறுசுறுப்பான இன்னொருத்தியைத் தேடிக்கொண்டு போனான். அதன்பிறகு, கணவனை இழந்து தனியாக இருந்த அக்காவோடு வந்து சேர்ந்துகொண்டாள். ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே வசவு.

அவர்கள் சொன்னதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. கொஞ்சம் வேகமாக நடந்தால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார்கள், தனக்குத்தான் அந்த வைராக்கியம் இல்லை என்று அவள் உறுதியாக நம்பினாள்.

ஒரு வருடம், நகரத்தில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஓட்டலிலிருந்து ஆள் கேட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் யாரோ விளையாட்டாக அவளையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். சூப்பர்வைசர் பேனாவை எடுத்துக்கொண்டு, "உன் பேரை அடிச்சிடவாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் சார்," என்றாள் அவள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அப்போ என்னையும் எழுதுங்க சார். இவ விழுந்தா தூக்க ஆள் வேணும்ல?"

தங்கைக்கு ரோஷம்தான். வேறொன்றுமில்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மற்றவர்களைப் போலத் தாங்கிக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வேலை தொடங்குமுன் ஓட்டலுக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய சந்தில் ஓடிப் பழகினாள். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை ஓட்டம், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சில நாள் இருமும்போது எச்சிலில் இளஞ்சிவப்பாக ஏதோ வந்தது. குழாயைத் திறந்து கழுவிவிட்டாள். ஓட்டத்துக்கான விளம்பரத்தில், வலியைத் தாண்டினால்தான் வெற்றி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தான் இன்னும் தாண்டவில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

ஓட்டத்தன்று அக்கா கொஞ்ச தூரம் அவளோடு சேர்ந்து ஓடினாள். பிறகு அக்காவுக்குக் கால் பரபரத்தது. "நீ போ, நான் வர்றேன்," என்றாள் தங்கை. அக்கா கூட்டத்தில் மறைந்தாள்.

பாலத்து ஏற்றத்தில் இரண்டு பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் வந்தார்கள். அவள் வயதுதான் இருக்கும், அவளைவிடப் பருமன். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரைப் பற்றி ஒருத்தி கதை கதையாகச் சொல்லிக்கொண்டே ஓடினாள். மற்றவள் சிரித்தாள். வாய் ஓயவில்லை, கால்களும் ஓயவில்லை. அவள் அந்த வாய்களையே பார்த்துக்கொண்டு ஓடினாள். ஒரு சொல் பேசக்கூடத் தன்னிடம் காற்று இல்லை. இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள். "ஏங்க... உங்களுக்கு நெஞ்சு அடைக்கலையா?"

கதை சொன்னவள் நின்று திரும்பினாள். "இல்லீங்களே. முட்டிதான் கொஞ்சம் வலிக்குது." பிறகு முகம் மாறியது. "உங்க உதடு ஏன் இப்படி நீலமா இருக்கு?"

"எப்பவும் இப்படித்தான்."

"எப்பவுமா?"

அவளை ஓரமாக உட்காரவைத்து, ஒருத்தி கூடவே இருந்தாள், மற்றவள் முதலுதவிக்காரர்களைக் கூப்பிட ஓடினாள். வண்டி வரும்வரை அவள் தன்னைக் கடந்து போகிறவர்களின் முகங்களைப் பார்த்தபடி இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவர்களைத் தேடினாள். வியர்வை இருந்தது, களைப்பு இருந்தது. ஆனால் ஒருவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனான். ஒருத்தி தொலைபேசியில் யாரையோ சமையல் ஆயிற்றா என்று விசாரித்தாள். நரைத்த தலையோடு ஒருவர் அவளைப் பார்த்து, "என்னம்மா, அதுக்குள்ள உட்கார்ந்துட்டே?" என்று கேட்டுவிட்டுப் போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாருமே ஓடவில்லை.

அந்த நேரத்தில் அக்கா எல்லைக்கோட்டருகே நின்று, "நம்ம நத்தை பொழுது சாயறதுக்குள்ள வந்துடும்," என்று சலவைக்கூடத்து ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மருத்துவமனையில் டாக்டரம்மா நீண்ட நேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா?" என்று கேட்டார். அவளுக்கு நினைவில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்த அக்காதான் பதில் சொன்னாள்: "ஆமா டாக்டர். ரொம்ப நாள் படுத்தே கிடந்தா. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

சரியாகவில்லை. அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. வருடக்கணக்கில் பின்னால் தேங்கிய இரத்தம் நுரையீரலையும் கெடுத்துவிட்டது. வால்வை மாற்றலாம், நுரையீரலில் கெட்டுப்போனது முழுக்கத் திரும்பாது என்றார் டாக்டர். பிறகு, "இதோட நின்னுக்கிட்டே வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு அக்கா கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி?"

"எதைச் சொல்றது? எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சேன். உனக்கும் இப்படித்தான்னு நினைச்சேன். இதை வச்சுக்கிட்டு நீ எப்படி இவ்வளவு ஓடியாடி வேலை செய்யறேன்னு எத்தனை தடவை அதிசயப்பட்டிருக்கேன் தெரியுமாக்கா?"

அக்கா எழுந்து சமையலறைக்குள் போனாள்.

நெஞ்சைப் பிளந்து வால்வை மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள், "நல்லவேளை, ஓடப் போனே. அதனாலதான் உயிர் தப்பிச்சே," என்றார்கள். அந்த நல்லவேளையைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வந்தது. தான் சோம்பேறி இல்லை என்று தெரிந்ததில் சந்தோஷம் வரும் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள். வந்தது கோபம். பாதி வழியில் இறக்கி வைத்த வாளிகள், "மன்னிச்சுக்கோம்மா" என்று கெஞ்சிய காலைகள், கட்டிக்கொண்டவன் கிளம்பிப் போனபோது அவன் பக்கம்தான் நியாயம் என்று வாசலில் நின்றது, எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அம்மாவைக் கேட்கலாம் என்றால் அம்மா இல்லை. அவனுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று ஒருநாள் யோசித்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவளுக்குத் தையல் அறையில் வேலை. கிழிந்த விரிப்புகளை உட்கார்ந்தபடியே தைக்கிறாள். ரோலரில் அக்காவோடு வேறொருத்தி நிற்கிறாள். நத்தை என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. "மெதுவா வாங்க" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்குப் படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்றாக வேண்டும். அக்கா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். அவள் நிற்கும்போதெல்லாம் அக்காவும் நின்று, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். இல்லாவிட்டால் பைக்குள் எதையோ தேடுவாள்.

ஒருநாள் அவள் திரும்பிப் பார்க்காமலே, "நடிக்காதேக்கா. உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. மேல போ," என்றாள்.

அக்கா பைகளோடு அவளைக் கடந்து மேலே போனாள். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூச்சு திரும்பியதும் அவளும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.