வெள்ளையடித்த சுவரும் மூன்றாவது மதிப்பீட்டாளரும்

இந்த வாரம் எனக்கு என் மேலேயே கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் காதர் பாய் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். எட்டு மெஷின், பதினோரு ஆட்கள். போன மாத மழையில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே புகுந்து இடுப்பளவு நின்றது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தார். கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார், ஐந்தே நிமிடம் பார்த்தார், எழுதினார் – 'தண்ணீர் கணுக்கால் அளவு. மோட்டார்கள் பழசானதால் பழுது.'

மோட்டார் தொங்குவது மேஜைக்கு அடியில், முழங்கால் உயரத்தில்! கணுக்கால் தண்ணீர் எகிறிக் குதித்தா அதை நனைக்கும்?

"அண்ணாச்சி, நம்ம பக்கமும் ஒரு மதிப்பீட்டாளர வச்சு ரிப்போர்ட் குடுக்கலாமாம்லா. ஆபீஸ்ல இருந்தவுக, நீங்கதான் ஒரு நல்ல ஆளாப் பாக்கணும்" என்றார் காதர் பாய். தீபாவளி ஆர்டருக்குள் மெஷின் ஓடாவிட்டால் பதினோரு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

நான் முப்பது வருஷம் ஃபைல் தள்ளியவன். மதிப்பீட்டாளரைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் மாட்டுங்காவில் குடியிருக்கும் ஆபீஸ்காரன் மானம் என்னாவது?

முதல் ஆள், கோயிலில் பார்த்துப் பழகியவர். என்னைப் போலத் திருநெல்வேலிக்காரர். இது போதாதா? வெள்ளைச் சட்டையோடு வந்தார். வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்தார். "உள்ள வரணுமா?" என்றார். ஃபிளாட்டுக்கு விலை போட்டுப் பழகியவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. காதர் பாய் மேல் எரிந்து விழுந்தேன். "பெரிய மனுஷங்க வந்து போற இடம் பாய்! நாறுற தோலையெல்லாம் பழைய சாமான் எடுக்குற கபாடிக்காரன்கிட்ட தள்ளுங்க. சுவருக்கு ஒரு சுண்ணாம்பு அடிங்க." பக்கத்துப் பட்டறை செல்வத்தையும் விடவில்லை. "சேறு அப்படியே கிடக்கே, கொஞ்சமாவது சுத்தம் பண்ணக் கூடாதா?" அவன் காதிலேயே வாங்கவில்லை.

இரண்டாவது ஆள் செம்பூர்க்காரர். "அந்த சர்வேயரா? நானும் அவரும் தினம் ஒண்ணா டீ குடிப்போம் சார். பேசி முடிச்சிரலாம்" என்றார் போனில். நான் குளிர்ந்து போனேன்.

காதர் பாய் குளிரவில்லை. "தெனம் அவர்கூட டீ குடிக்கிறவரு, நமக்காக அவர்கிட்ட சண்டைக்குப் போவாரா அண்ணாச்சி?"

அட, இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் நாலு ஊரில் விசாரிக்கிறோம். கல்யாணச் சமையலுக்கு ஆள் வைக்குமுன் சாம்பாரை ருசி பார்க்கிறோம். பிழைப்பையே எடை போடப் போகிறவரிடம் மட்டும், 'சாருக்கு எந்த ஊர்?' என்று கேட்டு முடித்துவிடுகிறோம். இதற்கு முன் யார் பட்டறையைப் பார்த்தீர்கள், யார் பக்கம் நின்றீர்கள் என்று வாய் திறந்து கேட்டேனா? கேட்கவில்லையே!

மூன்றாவது ஆளைக் காதர் பாயே பிடித்தார். ஆண்டாப் ஹில்லில் தீப்பிடித்த ஒரு தோல் குடோனுக்கு ரிப்போர்ட் எழுதிய அம்மா. ரப்பர் செருப்போடு வந்தார். டார்ச்சை அடித்துக்கொண்டு நேரே மேஜைக்கு அடியில் குனிந்தார். நிமிர்ந்தார்.

"சுவர்ல தண்ணி நின்ன கோடு எங்க?"

சுவர் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது.

"நனைஞ்ச தோல்?"

"கபாடிக்காரன் கொண்டு போயிட்டான் மேடம்" என்றார் காதர் பாய்.

"அரே! யாரு சுத்தம் பண்ணச் சொன்னது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். காதர் பாய் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நாங்களாத்தான் மேடம்..." என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"தோலுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று வெளியே வந்தவர், செல்வத்தின் பட்டறையை எட்டிப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே நடுச்சுவர், ஒரே தரைமட்டம். அவன் சோம்பேறித்தனத்தில் துடைக்காமல் விட்ட சுவரில், சரியாக இடுப்பு உயரத்தில், சேற்றுக் கோடு! டேப் வைத்து அளந்தார். போட்டோ எடுத்தார். "மெஷினுக்கு இது போதும். நான் எழுதறேன்" என்றார்.

நேற்று தகவல் வந்தது. மெஷின்களுக்குப் பணம் தரக் கம்பெனி ஒப்புக்கொண்டதாம். தோல் போனது போனதுதான். அது என் கணக்கு.

செல்வத்துக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். காதர் பாய் டீ சொன்னார். நான் கிளாஸைக் கீழே வைத்ததும், மெதுவாகத்தான் சொன்னார்:

"அண்ணாச்சி, அடுத்த மழைக்கு நீங்க வீட்லயே இருங்க."