கடற்பக்கத்துக் கோல்

ராயபுரத்தில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கால்பந்து மைதானத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றதும், திறப்புவிழா மலருக்கு அதன் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். என் தமிழுக்காக வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன், கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில் அங்கே நான் ஒரு கோல் போட்டிருக்கிறேன். அதை அவர்களிடம் சொன்னதும் நான்தான்.

அந்த ஒற்றைக் கோலை வைத்தே காலம் தள்ளியவன் நான். ஆரம்பத்தில் இருபது அடி தூரத்திலிருந்து அடித்தேன். கல்யாணமான புதிதில் அது நாற்பது அடியாயிற்று. மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் நடுக்கோட்டுக்கே வந்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போனீங்கன்னா ரயில்வே ஸ்டேஷனே வந்துடும்" என்றாள் மனைவி.

மைதானம் மிச்சங்களால் ஆனது. துறைமுக வேலையில் மீந்த கருங்கற்கள் கேலரிப் படிகளாயின. பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து வந்த நிலக்கரிச் சாம்பல் ஓட்டப்பாதையாயிற்று. வெயில் காலத்தில் அந்தக் கற்களில் உட்கார்ந்தவன் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து கைதட்டுவான். ஆட்டக்காரர்கள் நாங்கள் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொள்வோம். மூன்று மணிக்குக் கடல்காற்று வரும், கருவாட்டு வாசத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, அழையா விருந்தாளியாக.

டாஸில் ஜெயித்தவன் யோசிக்கவே மாட்டான். இரண்டாம் பாதியில் கடலை நோக்கி அடிக்கும்படி பார்த்துக்கொள்வான். கடற்பக்கத்தில்தான் கோல் விழும். மேற்கே சாயும் வெயில் கோல்கீப்பரின் கண்ணைக் குத்தும் என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தோம். மேகம் மூடிய நாளிலும் கோல் விழுந்தது. அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

என் கோலை விட்ட கோல்கீப்பர் என் தெருக்காரன், என் தோஸ்து. கல்லூரி மட்டும் வேறு. இன்று காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறான். அவன் குரலுக்கு வஞ்சிரமே விறைத்து நிற்கும். ஆனாலும் அவன் கையில் எதைக் கொடுத்தாலும் ஊரில் ஒரே பாட்டுத்தான்: "கெட்டியா புடி மாமு, வுட்றப் போற." டீ கிளாஸ் கொடுத்தாலும் அதே. முதல் குழந்தையைக் கையில் கொடுத்தபோது மாமியாரும் அதையே சொன்னதாகக் கேள்வி.

நான் மலருக்கு எழுதுவது தெரிந்த அன்று மாலையே வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா, சரித்திரம் எழுதிகினு கீறியாமே. அதுல நான் கோல் வுட்டவனா வர்றனா?"

"நடந்தது வரத்தானே செய்யும்."

"அந்த கோலு அளவுக்கு மேல அகலம்டா. அன்னிலேந்து சொல்லிகினு கீறேன், எவன் கேட்டான்? நாளிக்கு காலைல கம்பத்த கேஸ் கட்டரு வச்சு அறுக்கப் போறானுங்க. அதுக்குள்ள அளந்துரணும். அச்சுல போச்சுன்னா என் பேரப்புள்ளைங்க வரைக்கும் அதான் நிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. அவன் சொல்வது நிஜமானால், நடுக்கோட்டிலிருந்து நான் கிளப்பிய அந்தப் பந்து என்ன ஆவது?

காலையில் போனோம். புல்லெல்லாம் சுரண்டியாகிவிட்டது. பல் பிடுங்கிய வாய் மாதிரி கிடந்தது மைதானம். கேஸ் கட்டர்காரர் சிலிண்டரை உருட்டி வந்திருந்தார். மேற்பார்வைக்கு ஒரு இளம் பெண் இன்ஜினீயர். விஷயத்தைச் சொன்னதும், எங்கள் இரண்டு தொப்பைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பை எடுத்தாள். ஒரு முனையை அவன் பிடித்தான். கெட்டியாகவே பிடித்தான்.

"இருபத்துநாலு அடி இருக்கணும் சார். பத்து அங்குலம் கூட இருக்கு."

ஒரு பந்தின் அகலத்துக்கும் மேல். என் பந்து இடது கம்பத்தின் உள்பக்கம் உரசித்தான் உள்ளே போனது. அது ஊருக்கே தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.

வக்கீல் மாதிரி ஆரம்பித்தேன். "எந்தப் பக்கம் கூடிச்சுன்னு யாருக்குத் தெரியும்? வலது பக்கமா இருந்தா..."

"டபாய்க்காத. குனிஞ்சு பாரு. வலது கம்பம் பழைய குழியிலயே நிக்குது, பழைய காரை. இடது பக்கம்தான் புது குழி."

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முப்பது வருஷப் புகழ் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"இவ்ளோ தப்பா யார் சார் நட்டாங்க?" என்று இன்ஜினீயர் பெண் கேட்டாள்.

எங்கள் இருவருக்கும் பதில் தெரியும்.

நாங்கள் கல்லூரியில் சேருவதற்கு முன் ஒரு புயலில் கடற்பக்கத்து மரக் கம்பங்கள் விழுந்தன. போட்டிக்கு நாலே நாள். துறைமுக வெல்டர் ஒருவர் பழைய குழாய்களோடு வந்தார். அளக்க டேப் இல்லை. அது இருந்த அலமாரியின் சாவி லீவில் போயிருந்தது. இருபத்துநாலு அடி என்றால் நாலு பாகம் என்றார் யாரோ. இரண்டு கையையும் விரித்தால், விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம், ஆறடி. கடல்காரர்களின் கணக்கு அது. கயிறும் வலையும் அதில்தான் அளப்பார்கள். உடனே குப்பத்தில் கயிறு அளந்து கொடுக்கும் மனிதரைக் கூட்டி வந்தார்கள். அவர் என் தோஸ்தின் அப்பா. நின்றால் கை முட்டியைத் தொடும். கயிறு வாங்கப் போகிறவர்கள் அவரையே அளக்கக் கூட்டிப்போவார்கள். அவரைக் கண்டால் கயிற்றுக்கடைக்காரருக்கு வேர்க்கும். அவர் நாலு முறை கை விரித்தார். அந்த இடத்தில் குழி தோண்டினார்கள்.

"ஊருக்கெல்லாம் கயித்த கூட்டி அளந்து குட்தாரு எங்க நைனா" என்றான் அவன், மெதுவாக. "எனுக்கு கோல கூட்டி அளந்துட்டுப் பூட்டாரு."

சிரித்தான். கட்டர்காரரும் சிரித்தார். பிறகு அவன் கம்பத்தில் கை வைத்தபடி நின்றான். அப்பா போய் மூன்று வருஷமாகிறது.

"எழுதிடறேன்டா" என்றேன். "கோல் அகலம், நீ வுடலன்னு."

"அளந்தது யாருன்னு கேப்பானுங்களே."

"கேப்பாங்க."

"கயித்துக்கடைக்காரன் இன்னா சொல்வான்? அன்னிக்கே சொன்னேனே, அந்தாளு கை அளவே தப்புன்னு உதார் வுட்டுகினு திரிவான். குப்பத்துல ஒவ்வொரு வூட்டுக் கயித்தும் அவரு கையால அளந்தது." கம்பத்திலிருந்து கையை எடுத்தான். "வாணாம். நான் வுட்டேன்னே எழுது."

"முப்பது வருஷமா கேலி பண்றானுங்களேடா."

"பழகிப்போச்சு. அவருக்குப் பழக்கம் இல்ல."

மலரில் அவன் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். நடந்த இந்தக் கதையை எழுதட்டுமா என்று பிறகு கேட்டபோது, பேர் போடாதே என்றான், போடவில்லை.

அன்று கட்டர்காரர் நெருப்பைப் பற்றவைத்ததும் அவன் கை காட்டி நிறுத்தினான்.

"ஆனா ஒண்ணு. எழுத வாணாம், வாயால சொல்லு. அது வெளிய போற பந்து."

"வெளியே போற பந்துதான்."

"எனுக்கே கேக்கல."

கத்திச் சொன்னேன். இன்ஜினீயர் பெண் டேப்பைச் சுருட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"கேலரி பக்கம் திரும்பிச் சொல்லு. அங்கதான அன்னிக்கு கை தட்னானுங்க."

கேலரியில் சிமென்ட் மூட்டைகளைத் தவிர ஒருவரும் இல்லை. திரும்பினேன். என்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன்.