வெண்டை இலைப் பருத்தி

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் டைரியில் இப்படி இருக்கிறது: "காலை 6.40 முதல் 9.15 வரை மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி. காற்று லேசாகக் கிழக்கிலிருந்து. ஸ்பிரேயரை மூன்று முறை கழுவினேன்." மூன்று என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன். பெருமையில் போட்டதுதான்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் ஸ்டோர் பார்க்கிறேன். குச்சி முனைக் கலவைக்கு வேண்டிய பொடிகளைத் தராசில் நிறுத்துக் கொடுப்பது இருபத்தாறு வருட வேலை. ஒரு டப்பாவின் கரண்டி இன்னொரு டப்பாவுக்குள் போகக்கூடாது. போனால் என்ன நடக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். என் ஸ்டோரில் ஒவ்வொரு டப்பாவின் பக்கத்திலும் அதற்கான கரண்டி தனியாக ஆணியில் தொங்கும்.

கழுகுமலை ரோட்டில் எங்கள் ஊரில் எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. வரப்புக்கு மேற்கே என் மனைவியின் அண்ணனுக்கு இரண்டரை ஏக்கர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லாரும் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்ட பிறகும் மச்சான் மட்டும் பருத்தியை விடவில்லை. "மக்காச்சோளம் கோழிக்குத் தீவனம். நான் என்ன கோழிக்கா பொறந்தேன்?" என்பார். அந்த வருடம் அவருக்கு இருந்தது அந்தப் பருத்தி ஒன்றுதான். ஆடு மாடு கிடையாது, வேறு வேலையும் கிடையாது.

களைக்கொல்லிக்கு நான் போனது ஆள் இல்லாமல்தான். களையெடுக்கிற பெண்கள் காலை ஏழு மணிக்கே வேனில் ஏறிவிடுகிறார்கள். சில வேன்கள் தீப்பெட்டிக்குப் போகின்றன, சில புதியம்புத்தூருக்குத் துணி தைக்கப் போகின்றன. அதில் ஒரு வேன் என் ஆலையுடையது. யாரைக் குறை சொல்ல?

அடித்த நாலாம் நாளே களைகள் முறுக்கிக்கொண்டு சாய்ந்தன. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, துத்தி, நெருஞ்சி எல்லாம் போய், கோடு போட்ட நோட்டைப் போல் மக்காச்சோளம் மட்டும் வரிசையாக நின்றது. டைரியில் "சுத்தம்" என்று ஒரே வார்த்தை எழுதினேன். அன்று சாயந்திரம் மனைவி மடியில் கீரை பறிக்கப் போய் வெறும் மடியோடு திரும்பி வந்தாள்.

"ஒரு கீரைகூட இல்லையேங்க. எல்லாம் வெந்த மாதிரில்லா கெடக்கு."

"கடையில வாங்கிக்கிடலாம்" என்றேன்.

மச்சான் ஸ்பிரேயர் கேட்டு வந்தது அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில். பருத்தியில் தத்துப்பூச்சி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பேட்டரி ஸ்பிரேயர்தான். வாங்கியது நான், அடிப்பது இரண்டு பேரும்.

"மாப்ளே, மிஷின் நல்லாக் கழுவியிருக்கா?"

"மூணு தடவ கழுவிட்டேன் மச்சான்."

"நீங்க கழுவுனா அதுல மோர் ஊத்திக் குடிக்கலாம்." தோளில் மாட்டிக்கொண்டே, "டைரியில எழுதிக்கோங்க. மச்சான் ஏழு மணிக்கு வாங்கிட்டுப் போனான், மூஞ்சி கழுவல" என்றார்.

நான் நிஜமாகவே எழுதினேன். மணி ஏழு ஐந்து.

அடுத்த ஞாயிறு காலையில் மச்சான் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பருத்திச் செடிகளின் தலை தொங்கிக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் வாடினால் இலை துவளும். இது அப்படி இல்லை. காம்பு பாம்பு நெளிந்ததைப் போல் வளைந்திருந்தது, இலை பச்சையாகவே இருந்தது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது.

"வெயில்ல இருக்கும் மச்சான். சாயந்திரம் நிமிந்துரும்."

நிமிரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு புதுத் தளிர் விட்டிருந்தது. பருத்தி இலை கையை விரித்தது போல் அகலமாக இருக்கும். இந்தத் தளிர்கள் குறுகி, நீண்டு, விரல் விரலாகப் பிளந்து வெண்டை இலை போல் இருந்தன. நரம்புகள் வெளிறி ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. ஒரு செடியைக் காட்டி இது என்ன செடி என்று யாரிடமாவது கேட்டிருந்தால் பருத்தி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வைரஸ் என்றார் ஒருவர். விதையே கலப்படம் என்றார் இன்னொருவர். கண்ணேறு என்று சொல்லி மச்சானின் மனைவி வரப்பில் ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

எனக்குள் வேறொரு பயம் இருந்தது. அந்தக் கிழக்குக் காற்றில் என் மருந்து வரப்பைத் தாண்டிப் போயிருக்குமோ? அதனால் முதலில் என் வரப்பை ஒட்டிய கிழக்குப் பக்கத்தைத்தான் பார்த்தேன். அங்கே பருத்தி நன்றாக இருந்தது. இலைகள் அகலமாக, பளபளவென்று. ஒரு செடிகூடக் கோணவில்லை. காற்றில் வந்திருந்தால் இந்தப் பக்கம்தானே முதலில் பட்டிருக்க வேண்டும்? மூச்சு விட்டேன். நம்மால் இல்லை என்று ஆனதும் மனம் எவ்வளவு சீக்கிரம் லேசாகிறது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

லேசான மனதோடு மேற்குப் பக்கம், வண்டிப்பாதைப் பக்கம் போய், சால் சாலாக, செடி வரிசைகளை எண்ணினேன். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. பாதையிலிருந்து முதல் ஒன்பது சாலில் நேராக நின்ற செடி ஒன்றுகூட இல்லை. பத்தாவது சாலிலிருந்து கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் மோசம். பத்தொன்பதாவதிலிருந்து பாதிக்குப் பாதி. இருபத்தெட்டிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றும். நோய் இப்படிப் படி வைத்து இறங்குமா என்று யோசித்தேன். எண்களை டைரியில் குறித்துக்கொண்டு, ஒரு செடியைப் பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில், கோவில்பட்டியில் நான் எப்போதும் வாங்குகிற மருந்துக்கடையில் அதைப் பிரித்துக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"இது நோயில்ல அண்ணாச்சி. களைக்கொல்லி பட்ட பருத்தி. இப்படித்தான் வெண்டை மாதிரி ஆயிரும். பக்கத்துல யாரு அடிச்சது?"

"நான்தான். ஆனா எங்க வரப்புப் பக்கம் ஒண்ணும் ஆகலையே."

"அப்ப மிஷின். களைக்கொல்லி அடிச்ச மிஷின்லயே பருத்திக்கும் அடிச்சீங்களோ?"

"மூணு தடவ கழுவுனேன்."

"முப்பது தடவ கழுவுனாலும் ஹோஸ்லயும் வாஷர்லயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு சொட்டு போதும், பருத்திக்கு அவ்வளவு ஆகாது. அதுக்குன்னு தனி மிஷின் வச்சுக்கிடணும் அண்ணாச்சி."

"வாங்குதப்ப இதை நீங்க சொல்லலையே."

"நீங்க மக்காச்சோளத்துக்குன்னுதான கேட்டீங்க?" அதற்குள் அடுத்த ஆள் சீட்டை நீட்டவும் அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

கடை வாசலில் நின்றபடி எண்களைப் பார்த்தேன். மச்சான் பாதைப் பக்கம் தண்ணீர் டிரம்மை வைத்து அங்கிருந்துதான் அடிக்கத் தொடங்குவார். அவர் நடைக்கு ஒரு டேங்க் ஒன்பது சாலுக்கு வரும். முதல் டேங்க், இரண்டாவது டேங்க், மூன்றாவது. டேங்க் ஏற ஏற என் மருந்து கரைந்து குறைந்திருக்கிறது. அவர் என் வரப்புக்கு வந்து சேர்ந்தபோது ஸ்பிரேயர் ஒருவழியாகச் சுத்தமாகியிருந்தது. அதை நான் கழுவவில்லை, அவருடைய பருத்தி கழுவியிருக்கிறது.

அன்று ஸ்டோரில் பொடி நிறுக்கும்போது ஆணியில் தொங்கிய கரண்டிகளைப் பார்க்க முடியவில்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போகுமுன் ஓடைப்பக்கம் போனேன். ஸ்பிரேயர் கழுவிய தண்ணீரை ஊற்றிய இடம் அது. ஓடைக்கரை ஆமணக்கு ஒன்று குடை மடங்கியது போல் இலைகளைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே, தண்ணீர் வழிந்த தடம் முழுக்க, கொடிகள் கயிறு திரித்தாற்போல் கிடந்தன. பதினேழு காலடி நடந்தேன், பதினெட்டாவது காலடியில் செடிகள் நேராக நின்றன. அந்த ஓடை கீழே ஊருணிக்குப் போகிறது. ஊர் ஆடுகள் எல்லாம் அங்கேதான் வாய் வைக்கும்.

கிழக்கே மேகம் கறுத்திருந்தது. எங்கள் மண்ணில் ஐப்பசி மேகத்தைப் பார்த்துப் பயந்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மண்வெட்டி எடுத்து வந்து அந்தத் தடத்து மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிச் சாக்கில் அள்ளினேன். நாலு சாக்கு வந்தது. அள்ளிய பிறகுதான் இதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தது. தொழுவத்து மூலையில் அடுக்கினேன்.

வீட்டு வாசலில் மச்சான் நின்றார். கையில் ஒரு பாட்டில்.

"செடிக்கு டானிக்காம் மாப்ளே. இதை அடிச்சா நிமிந்துருமாம். மிஷினைத் தாங்க, காலையில வெள்ளனவே அடிச்சிருதேன்."

என் மனைவி வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளிடம் மத்தியானமே போனில் சொல்லியிருந்தேன். தன் அண்ணனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கதான் சொல்லணும்" என்றுவிட்டாள்.

"மிஷின் வேண்டாம் மச்சான்" என்றேன்.

"ஏன், பேட்டரி போயிருச்சா?"

"மிஷின்லதான் விஷம் இருந்திருக்கு. நான் களைக்கொல்லி அடிச்சது. அதுல அடிச்சதாலதான் பருத்தி இப்படி ஆயிருக்கு."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். டைரியைப் பிரித்து ஒன்பது, பதினெட்டு, இருபத்தேழு என்று விரலை வைத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. ஒவ்வொரு எண்ணையும் தானும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கழுவுனேன்னு சொன்னீங்கள்லா?"

"கழுவுனேன் மச்சான். மூணு தடவ."

"நான் கழுவியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். இன்னொரு தடவ அலசிருப்பேன். நீங்க கழுவுனதுன்னுதான் மோந்துகூடப் பாக்கல."

பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மனைவி உள்ளே போனாள்.

மறுநாள் மழை பெய்தது. நல்ல மழை. ஓடை நுரைத்துக்கொண்டு ஊருணிக்கு ஓடியது. ஒரு சாண் மண் போதுமா, இன்னும் ஆழமாக வெட்டியிருக்க வேண்டுமா என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஆவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்தவர் யாரும் ஊரில் இல்லை.

அந்த ஞாயிறு மச்சானும் நானும் முதல் பதினெட்டுச் சாலைப் பிடுங்கினோம். வாடிய பருத்தி என்றால் யாராவது ஆட்டுக்குக் கேட்பார்கள். கேட்டு வந்த ஒரு பெண்ணை மச்சானே, "போத்தா, இது ஆகாது" என்று விரட்டினார். உரக்குழியிலும் போட முடியாது. பாதையோரத்தில் குவித்தோம். அடுத்த சால்களைக் கடைக்காரர் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். கொஞ்சமாகப் பட்ட செடிகள் தேறலாம் என்றார். பொறுத்தோம். மச்சான் பேசினார், ஆனால் டைரியைப் பற்றி ஒரு கேலிகூடச் செய்யவில்லை.

நான் அந்தக் களைக்கொல்லி பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். ஸ்பிரேயரில் சிவப்புப் பெயிண்டால் "பருத்திக்கு ஆகாது" என்று எழுதினேன். மக்காச்சோளத்தில் மறுபடி முளைத்த களையை மனைவியும் நானும் களைக்கொத்தால் கொத்தினோம். ஒரு ஞாயிறு முழுக்கக் கொத்தினால் கால் ஏக்கர். வரப்போரத்தில் ஒரு தொய்யக்கீரை முளைத்திருந்தது. மனைவி அதைப் பறிக்கவில்லை, கொத்தவும் இல்லை. சுற்றிப் போய்விட்டாள்.

கார்த்திகை முடிவில் என் வரப்பை ஒட்டிய பருத்தி பூத்தது. நடுவில் இருந்த சால்களில் மொட்டு வந்தது. வந்த மொட்டு விரியுமுன் உதிர்ந்தது. காலையில் போனால் சால் நெடுக மிளகு கொட்டியதைப் போல் மொட்டுகள் கிடக்கும். மச்சான் ஒன்றைப் பொறுக்கி நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே கறுத்திருந்தது. இரண்டரை ஏக்கரில் அரை ஏக்கர் வெடித்தால் அதிகம் என்றார்.

"அடுத்த புரட்டாசிக்கு நானும் மக்காச்சோளந்தான் மாப்ளே" என்றார்.

"மச்சான், நான் இனி அந்த மருந்தே அடிக்கப் போறதில்ல. நீங்க தைரியமாப் பருத்தி போடுங்க."

"நீங்க அடிக்க மாட்டீங்க. தெக்க இருக்கவன்? வடக்க இருக்கவன்? சுத்தி எல்லாம் அடிக்கான். நடுவுல நான் ஒருத்தன் பருத்தியப் போட்டுட்டுக் காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கவா?" கையிலிருந்த மொட்டைக் கீழே போட்டார். "செவப்பா எழுதி வச்சிருக்கீங்கள்லா, அந்த மிஷின எனக்குக் குடுத்துருங்க. ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி ஊத்துனீங்க? எழுதி வச்சிருப்பீங்களே."

எழுதி வைத்திருந்தேன். பையில் டைரி இருந்தது. மறந்துவிட்டது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் பையைப் பார்த்தார்.

"சரி, கடையில கேட்டுக்கிடுதேன்" என்று வண்டிப்பாதைப் பக்கம் நடந்தார்.