டர்போ லாரியில் ஆறிப்போன மூன்று குழாய்கள்

எனக்கு வாய் நீளம். கள்ளக்குறிச்சியில் டீசல் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு அது ஆகாது என்று என் மனைவி சொல்லி அலுத்துவிட்டாள். வெப்பம் பார்க்கிற துப்பாக்கி ஒன்று வாங்கிய பிறகு இன்னும் மோசம். பொத்தானை அழுத்தினால் எங்கே எவ்வளவு சூடு என்று அது காட்டிவிடும்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு இறக்கும் லாரி ஒன்று வந்தது. டர்போ எஞ்சின், ஆறு சிலிண்டர். மேட்டில் இழுக்கவில்லை, ஒரே கரும்புகை.

"ஏத்தத்துல புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுண்ணா," என்றார் டிரைவர். மலைக்காரர்.

"சத்தத்தைக் கேட்டா வைத்தியம் பாக்கறது? தள்ளு நீ."

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் ஆறு குழாய்களையும் அளந்தேன். பின் மூன்றும் இருநூறு டிகிரி. முன் மூன்றும் நூற்றிருபதுதான்.

லாரி முதலாளி பாய் பக்கத்திலேயே நின்றிருந்தார், வேறு வண்டி டிரைவர்களும் சுற்றி இருந்தார்கள். "மூணு சிலிண்டர் சரியா எரியல பாய். உங்க ஆளு நல்ல டீசல வித்துட்டுக் கலப்படத்த ஊத்திகினு இருக்கான்," என்றேன். யோசிக்கவே இல்லை. டிரைவர் சாவியை பாய் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

முன் மூன்று சிலிண்டர்களுக்கும் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி சேலத்துக்குச் சோதனைக்கு அனுப்பினேன். மூன்றிலும் குறையில்லை. திரும்ப மாட்டி அளந்தால் அதே கதை. எரிச்சலில் குழாய்கள் மேல் தண்ணீரைத் தெளித்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி சுர்ரென்று ஆவியானது. அடச்சீ! குனிந்து பார்த்தால் முன் மூன்றுக்கு மட்டும் சில்வர் பெயிண்ட். பளபளப்பின் மேல் அந்தத் துப்பாக்கி சூட்டைக் குறைத்துத்தான் காட்டும். சுரண்டிவிட்டு அளந்தேன், இருநூறு.

"ஆயுத பூஜைக்கு அவன் கைக்காசுல அடிச்சதுய்யா," என்றார் பாய். "டப்பா தீந்துபோய் பாதில வுட்டுட்டான்."

டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ்தான் அடியில் கிழிந்திருந்தது. புஸ்ஸென்ற சத்தமும் கரும்புகையும் அதனால்தான். மாற்றினேன், லாரி மேடு ஏறியது. டிரைவர் மேல் தப்பில்லை என்று பாயிடம் சொன்னேன். "அப்ப நீயே போய் இட்டாந்துடு," என்றார்.

மறுநாள் காலை பைக்கில் மலைக்குப் போனேன். டிரைவர் யாருடைய காட்டிலோ கூலிக்குக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என் மேலதாங்க. பாய்கிட்ட சொல்லிட்டேன். வண்டிக்கு வந்துடுங்க."

"வண்டி ஏறுதாண்ணா?"

"ஏறுது."

"ஏறட்டும்." கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "பாய்கிட்ட சொன்னது சரிண்ணா. அன்னிக்கி ஒன் பட்டறையில ஏழெட்டு டிரைவருங்க நின்னுகினு இருந்தாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?"

அவர் அடுத்த செடியைப் பிடித்து இழுத்தார்.