இறங்கத் தகுந்த இடம்

நான் குடியிருக்கும் கட்டடத்தின் தபால் பெட்டியில் சென்ற வாரம் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாதாம். கட்டடத்தின் முகப்பு கெடுகிறதாம். கீழே 'கோர்தியால்மான்' என்று முடித்திருந்தார்கள். மனமார்ந்த அன்போடு என்று பொருள். பிரான்சின் துலூஸ் நகரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் மனிதர்கள் அதில் படுத்துக்கொள்வதைத் தவிர வெயிலுக்கு வேறு வேலை இல்லை. துணி இயந்திரத்துக்குள் காய்கிறது. ஈரத் துணிகளை உள்ளே எடுத்து வந்து நாற்காலிகளின் முதுகில் போட்டேன். கோபம் வரவில்லை. இன்னும் எத்தனை சின்ன விஷயங்களை எவராவது எழுதிப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமோ என்ற களைப்புதான் வந்தது.

ஊரிலிருந்து தொலைபேசுகிறவர்கள் என் வேலை என்ன என்று கேட்கிறார்கள். நான்கு விசிறிகள் கொண்ட, தாம்பாளம் அளவுள்ள ஒரு பறக்கும் கேமராவை நாங்கள் ஆறு பேர் செய்துகொண்டிருக்கிறோம். யாரும் ஓட்டாமல் அது தானே கிளம்பிப் படமெடுத்துத் தானே இறங்க வேண்டும். இங்கே அதை ட்ரோன் என்கிறார்கள். அம்மா அதை "உன் ஹெலிகாப்டர்" என்பார். எங்கே இறங்குவது என்று அது முடிவெடுக்கும் பகுதி என்னுடையது. கீழே சமமாக, ஒரே நிறமாக, அசைவு ஏதும் இல்லாமல் போதிய அகலத்தில் இடம் தெரிந்தால் அங்கே இறங்கலாம். அதற்குக் கற்றுக்கொடுக்க நானூறு படங்கள் எடுத்தேன். கார் நிறுத்துமிடங்கள், புல்வெளிகள், பள்ளி மைதானங்கள், எல்லாமே துலூஸைச் சுற்றி. எங்கள் தலைவர் எர்வேயின் யோசனை வேறு. தரையில் குறி போட்ட துணியொன்றை விரித்துவிட்டால் போதும், அதைப் பார்த்து இறங்கிவிடும் என்பார். இரண்டில் ஒன்றுதான் விற்பனைக்குப் போகும் இயந்திரத்தில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். என்னுடையதுதான் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை மறைக்க மாட்டேன்.

2008 தை மாதம் அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். சேதராப்பட்டில் ஒரு சிறு தொழிற்சாலை அதன் மேலோட்டைச் செய்துதரச் சம்மதித்திருந்தது. நம் ஊர் வெயிலிலும் பறக்கவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அனுமதிக் கடிதத்துக்காக ஒரு வாரம் அலைந்தேன். பறக்கவிடும் காலையில் எர்வே என்னிடம், இந்த ஊரில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டார். உள்ளூர்க்காரி என்பதால் கேட்கிறார் என்று பட்டது. நானோ பொறியாளராக வந்திருந்தேன். "தரை எங்கேயும் தரைதான்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

ட்ரோன் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி உயரே போய்ப் படமெடுத்தது. பிறகு இறங்க இடம் தேடியது. முள்ளை விட்டது, குப்பைமேட்டை விட்டது. சாலையின் ஒரு பக்கமாகச் சமமாக, ஒரே மஞ்சளாக, சின்ன அசைவுகூட இல்லாமல் நீண்டு கிடந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துத் துளியும் தயங்காமல் இறங்கியது. அது காயப்போட்ட நெல். விசிறிக் காற்றில் பாதி பள்ளத்துக்குப் போனது, மீதி புழுதியோடு கலந்தது.

அதே போன்ற சாலையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். புதுச்சேரி நகரத்தை ஒட்டிய கருவடிக்குப்பத்துக்குக் குடிவருவதற்கு முன்பு, அறுப்பு முடிந்த நாட்களில் நெல்லுக்குக் காவல் என் வேலை. குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக் கணக்குகளைப் போடுவேன். மணிக்கொரு தடவை எழுந்து காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டு, ஆட்டைத் துரத்திவிட்டு, மறுபடி வந்து உட்காருவேன். நான் படித்ததே அந்த நெல்லின் ஓரத்தில்தான். நானூறு படங்களில் அது ஒன்றுகூட இல்லை.

நெல்லுக்குரிய பெண் ஓடி வரவில்லை. துடைப்பத்தோடு நடந்து வந்தார். முதலில் இயந்திரத்தை, அடுத்து எர்வேயை, கடைசியாக என்னைப் பார்த்தார்.

"எறங்கறதுக்கு இதான் எடம்னு யாரும்மா இதுக்குச் சொன்னது?"

நான்தான் என்றேன். என்ன சொல்கிறார் என்று எர்வே கேட்டார். இது என்ன இயந்திரம் என்று கேட்கிறார் என்று சொல்லிவைத்தேன். எர்வே மகிழ்ந்து போய்க் கையை ஆட்டி ஆட்டிக் கேமராவைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தொர என்னா சொல்றாரு?" என்றார். மன்னிப்புக் கேட்கிறார் என்றேன்.

"மன்னிப்புக்கு இவ்ளோ நீட்டா? நீ எந்த ஊரும்மா?"

பிறந்த ஊரைச் சொன்னேன். சேதராப்பட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

"அவருக்குத் தெரியலன்னா சரி. உனக்குமா தெரில?"

குனிந்து பள்ளத்திலிருந்து நெல்லை அள்ளத் தொடங்கினேன். "வுடு, கல்லும் சேந்து வருது" என்று துடைப்பத்தால் என் கையை விலக்கினார்.

மிச்சமிருந்த மூன்று நாட்களும் ஸ்கூட்டரில் சுற்றிச் சாலையெங்கும் கிடந்த நெல்லைப் படமெடுத்தேன். உளுந்தையும் மல்லாட்டைக் கடலையையும்கூட எடுத்தேன். துலூஸ் திரும்பியதும் இவை தரையல்ல என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தேன்; அப்படிப்பட்ட இடம் தெரிந்தால் படத்தில் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். எர்வே தடுக்கவில்லை. வாங்குகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், இங்கே யாரும் சாலையில் தானியம் போடுவதில்லை, அவர்கள் பார்க்க வரும் நாளுக்கு மட்டுமாவது அந்தப் படங்களை நீக்கிவிடேன் என்றார். சரி என்று தலையாட்டினேன். நீக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தின் பக்கத்தில் பெத்தாங்க் விளையாடும் இடம் இருக்கிறது. இரும்புக் குண்டு உருட்டும் ஆட்டம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மஞ்சள் நிறப் பொடிக்கல் பரப்பி மட்டமாக வைத்திருப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஓரமாக நிற்க, எங்கள் ட்ரோன் அதன் மேலே வந்து நின்றது. இறங்கவில்லை. இடதுபக்கம் போய்ப் பார்த்தது, திரும்பி வந்தது, மறுபடியும் அந்தரத்தில் நின்றது.

"ஏன் இறங்கமாட்டேன் என்கிறது?" என்று எர்வே மெதுவாகக் கேட்டார்.

"நெல் என்று நினைக்கிறது."

"இங்கே நெல் இல்லையே."

"தெரியும்" என்றேன்.

மின்கலம் தீர்ந்துவிடும் என்ற எச்சரிக்கை வந்ததும், கையால் ஓட்டும் விசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடுவே போய் நின்று நானே இறக்கினேன். வந்தவர்கள் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். துணி விரிக்கும் முறையே இயந்திரத்தில் இருக்கும் என்று அன்று மதியமே முடிவாயிற்று. எர்வே எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ட்ரோன் மேலிருந்து எடுத்த படத்தை ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் தரை. நடுவே, விசைப் பெட்டியைக் கையில் பிடித்து அண்ணாந்து பார்த்தபடி நான் நிற்கிறேன். என் பாதத்தைச் சுற்றி, நான் எழுதிய கணக்கின்படியே, இயந்திரம் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது: இது தரையல்ல.