ஒரே மாத்திரை, இரண்டு தண்டனை

போன வாரம் பேப்பரில் ஒரு மூலைச் செய்தி. ஐரோப்பாவில் ஊக்க மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்ட சைக்கிள் வீரர்கள் இருவர். பெரிய சாம்பியனுக்கு ஒரு மாதத் தடை. பெயர் தெரியாத ஆளுக்கோ இரண்டு வருஷம்!

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் மயிலாப்பூர் சைக்கிள் கிளப்பிலேயே இது நடந்தது.

ஜோசப் சாந்தோம்காரன். காலையில் சைக்கிளில் வீடு வீடாக ரொட்டி போடுவான். மற்ற நேரமெல்லாம் ரேஸ் பயிற்சிதான். அவனுக்குச் சரியான போட்டி சண்முகம் — தி.நகர் ஜவுளிக்கடை முதலாளியின் மகன். ரோட்டில் எதிரிகள், இறங்கிவிட்டால் ஒரே டீயைப் பகிர்ந்து குடிப்பவர்கள்.

சென்ற வருஷப் பந்தயத்தில், அடையாறு பாலம் தாண்டியதும் ஜோசப் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் தூக்கத்தை விரட்ட விழுங்குவார்களே, அந்த மாத்திரை! தானும் அதையே போட்டுக்கொண்டதாகப் பக்கத்தில் நின்ற சண்முகம் தயங்காமல் சொல்லிவிட்டான்.

கமிட்டி கூடியது. நானும் ஒரு மெம்பர். பரிசுக் கோப்பைகளெல்லாம் சண்முகத்தின் அப்பா உபயம். தீர்ப்பு எப்படி இருக்கும்? சண்முகத்துக்குப் புத்திமதி... ஜோசப்புக்கு ஒரு வருஷத் தடை. நான் ஆட்சேபித்தேன், எடுபடவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்கிற சமயம் வேறு.

ஜோசப் சத்தம் போடவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாத்திரைதானே சார் போட்டுக்கினோம்?" என்று மட்டும் செயலாளரிடம் கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் சண்முகம் வந்தான். "எனக்கும் ஒரு வருஷம் போடுங்க சார். இல்லேன்னா அவனுக்கும் புத்திமதி சொல்லி அனுப்புங்க."

அப்பா வருத்தப்படுவாரே என்று செயலாளர் இழுத்தார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்ததாகவும், அவர் தன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாகவும் சண்முகம் சொன்னான்.

கடைசியில் இருவருக்கும் ஆறு மாதம். மாநில அணி வாய்ப்பு இருவருக்குமே போயிற்று.

ஜோசப் ஓடி வந்து சண்முகத்தின் தோளைப் பிடித்து உலுக்கினான். கண் கலங்கியிருந்தது. "நீ ஏன் மச்சி கெடுத்துக்கினே?"

"நீ இல்லாம யாரை ஜெயிக்கிறதுடா?"

தடைக்காலம் முழுக்க விடிகாலையில் கடற்கரைச் சாலையில் இருவரும் சேர்ந்தே மிதித்தார்கள். ரொட்டியில் பாதி, சண்முகத்தின் சைக்கிளில்! மெல்ல மெல்ல அப்பாவும் பேச ஆரம்பித்தார். அடுத்த பந்தயத்தில் ஜோசப் முதலிடம்; ஒரு சக்கரம் பின்னால் சண்முகம்.

பரிசளிப்பு முடிந்ததும் மற்ற வீரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள் — தங்களுக்கும் ஆறு மாதம் தடை போட முடியுமா என்று!